யான்பிங் எழுதாத கடிதம்

அத்தியாயம் 6

சீனாவின் லான்ஜோ நகரில் அந்தச் சனிக்கிழமை, நதிக்கரை ஓட்டலின் மூன்றாம் மாடிக் கூடத்தில் பதினோரு நாடுகள் கடை விரித்திருந்தன. பெயர்தான் சர்வதேசக் கல்விக் கண்காட்சி. நடந்தது என்னவோ பெண் பார்க்கிற வைபவம். மேசைக்கு மேசை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன; எதிரே பெற்றோர்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஜாதகம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இதுவரைக்கும் நாலு யுனிவர்சிட்டி என்னைச் சேத்துக்கத் தயாரா இருக்கு," என்றான் மா தெஜோங். வயது முப்பத்தாறு. டாக்சி ஓட்டியவன். படிப்பைப் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டவன். "ஒருத்தன் என் மார்க்கே கேக்கலை. உங்க அப்பா எங்க இருக்கார்னுதான் கேட்டான்."

"என்ன சொன்னே?"

"மேல இருக்கார்னு சொன்னேன். பெரிய எடத்துல இருக்கார் போலன்னு டீ குடுத்தான்."

சியாங் யூலின் சிரிக்கவில்லை. நோட்டரி அலுவலகத்தில் இருபது வருடம் பிறர் சான்றிதழ்களை உற்றுப் பார்த்தே கண்ணாடி தடித்துப் போனவர். இப்போது தெஜோங்கை உதவிக்கு வைத்துக்கொண்டு, நகல் கடை ஒன்றின் மாடியில் 'தகவல் ஆலோசனை' என்று போர்டு மாட்டியிருக்கிறார். துப்பறிகிறேன் என்று போர்டு மாட்ட இந்த ஊரில் அனுமதி இல்லை. துப்பறிய யாரும் தடை சொன்னதில்லை.

"மணி என்ன?"

"பதினொண்ணே கால். அஞ்சு மணிக்குக் கடையைக் கட்டிடுவாங்க."

அவர்களுக்கு நடுவில் நின்ற பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ல்யூ யான்பிங், இருபத்திரண்டு வயது. சீனத்தில் 'பிங்' என்றால் பனிக்கட்டி; பெயரிலும் அது, படிப்பும் அதுவே. கனடாவின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் பனிப்பாறை ஆராய்ச்சிக்கு ஜனவரியில் அவளுக்கு இடம் கொடுத்தது, கட்டண விலக்கோடு. இடைத்தரகர் யாரையும் நம்பாமல் அவளே எழுதிப்போட்டு வாங்கிய இடம். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த இடம் போய்விட்டது. 'எனக்கு வேண்டாம்' என்று அவளே கடிதம் எழுதிவிட்டாளாம். கடிதத்தில் விண்ணப்ப எண் சரி. பிறந்த தேதி சரி. அவள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி. எழுதியது மட்டும் அவள் இல்லை.

"அழக்கூடாது," என்று நேற்று யூலின் அவளிடம் சொன்னார்.

"நான் அழ வரலை மேடம். எவன்னு தெரியணும்," என்றாள் யான்பிங். அந்த ஒரு பதிலுக்காகத்தான் யூலின் வழக்கை எடுத்துக்கொண்டார் என்பது தெஜோங்கின் ஊகம்.

அந்தக் கனடாப் பல்கலைக்கழகத்தின் மேசை கூடத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது. சேர்க்கை அதிகாரி எலன் ஃபோர்சித், நரைத்த குட்டை முடி. தைப்பேயில் நான்கு வருடம் இருந்து கற்ற சீன மொழியை இலக்கணம் தப்பாமல் பேசினார்.

"நான் உங்களை நம்பத் தயார்," என்றார் யான்பிங்கிடம். "ஆனால் நம்பிக்கையை நான் கோப்பில் வைக்க முடியாது. திங்கட்கிழமை உங்கள் இடம் அடுத்தவருக்குப் போகிறது. இன்று நான் புறப்படும் முன் ஏதாவது காட்டுங்கள்."

கடிதத்தின் அச்சுப்பிரதியை நீட்டினார். யூலின் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, சீனத்தில் பெயர்த்து வாய்விட்டுப் படித்தார். ஆறே வரி. கடைசி வரி: 'எனது இடத்தைத் தகுதிமிக்க வேறொரு மாணவருக்கு அன்புடன் வழங்கி உதவுக.'

"எவ்ளோ நல்ல மனசு," என்றான் தெஜோங். "போலிக் கையெழுத்து போடறவனுக்குத்தான் இப்படித் தாயன்பு பொங்கும்."

"யான்பிங், உன் பாஸ்போர்ட்டைக் குடு."

பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் அருகருகே வைத்தார் யூலின். பிறகு விரலால் ஒரே இடத்தைத் தட்டினார். தெஜோங் குனிந்து பார்த்தான். ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றாகத் தெரியும்; சேர்ந்து வந்தால் அவனுக்கு அவை எல்லாமே உடைந்த குடைக்கம்பிகள்.

"பாஸ்போர்ட்ல குடும்பப்பேரு எல்-ஒய்-யு. கடிதத்துல எல்-வி," என்றார் யூலின்.

"அட, இவ்ளோதானா? போன்ல ல்யூங்கற சீன எழுத்து வரணும்னா எல்லாரும் இங்கிலீஷ் எல்லுக்கு அப்புறம் வி-யத்தானே அழுத்தறோம். நானே அழுத்துவேன். இப்ப என்ன, இந்த நாட்ல பாதிப் பேரைப் புடிச்சு உள்ள போடலாமா?"

"யோசி. விண்ணப்ப எண் பன்னெண்டு எழுத்து. அதுல ஒண்ணுகூடத் தப்பலை. அப்போ எழுதினவன் கைக்குப் பக்கத்துல அனுமதிக் கடிதம் இருந்திருக்கு. அதுல பெரிய எழுத்துல எல்-ஒய்-யு போட்டிருக்கு. பன்னெண்டு எழுத்தைப் பாத்து எழுதினவன் மூணு எழுத்தை ஏன் பாக்காம எழுதினான்?"

தெஜோங் ஒப்பவில்லை. அவனுடைய சந்தேகம் வேறு பக்கம் இருந்தது. கூடத்தின் நடுவே வெள்ளி எழுத்தில் மின்னிய பெயர்ப்பலகையை மோவாயால் காட்டினான். வெள்ளிச்சுக்கான் வெளிநாட்டுக் கல்வி மையம். இந்தக் கண்காட்சியை நடத்துகிறவர்களே அவர்கள்தான். பிப்ரவரியில் விசாப் படிவம் நிரப்ப யான்பிங் அங்கேதான் போனாள். மேலாளர் பான் ஜின்தே அவள் அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பல்கலைக்கழகம் எங்கள் பட்டியலில் இல்லை, எங்கள் கல்லூரிக்கு மாறிக்கொள் என்று ஒரு மணி நேரம் பேசினார். முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

"ஆள் சேத்து விட்டா அந்தக் கல்லூரி அவனுக்குப் படியளக்கும். இவ தானா போனா அவனுக்கு நாமம். கேஸ் முடிஞ்சது, வாங்க சாப்பிடப் போலாம்."

"அவங்க கையில புது பாஸ்போர்ட் நகல் இருந்தது. அனுமதிக் கடித நகல் இருந்தது. அவங்க எழுதியிருந்தா எல்-ஒய்-யுன்னுதான் எழுதியிருப்பாங்க." யூலின் யான்பிங் பக்கம் திரும்பினார். "எல்-வி-ன்னு உன் பேரு எங்கயாவது இருக்கா?"

யான்பிங்கின் முகம் மாறியது.

"சின்ன வயசுல ஒரு பாஸ்போர்ட் எடுத்தோம். அப்போ அப்படித்தான் போட்டாங்க. அப்புறம் ரூல் மாறிடுச்சு. அது வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"வீட்ல யாரு?"

"அப்பா மட்டும்தான்." குரல் இறங்கியது. "அனுமதி வந்த அன்னிக்கு ஒரே சண்டை. நம்ம சீலியான் மலையில இல்லாத ஐஸா, அதைப் பாக்கக் கனடா போகணுமான்னு கேட்டார். அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுடுவேன்னார்."

தெஜோங்குக்கு அப்போது எந்த நகைச்சுவையும் தோன்றவில்லை. அது அவனுக்கு அபூர்வம்.

*

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. மூலை மேசையில் எஞ்சின் டிரைவர் ல்யூ ஜென்ஹாய், நீலச் சீருடையோடு, கிண்ணத்துக்குள் தலையைக் கொடுத்திருந்தார். முப்பது வருடமாக எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அவர் 'மிளகாய் எண்ணெய்' என்று கேட்டால் தெருவே எடுத்து நீட்டும்.

"அப்பா, நீங்களா எழுதினீங்க?" யான்பிங் உட்காரக்கூட இல்லை.

"என்னத்தை?"

"எனக்கு சீட் வேண்டாம்னு."

குச்சிகள் கிண்ணத்தின் மேல் நின்றன. கடைக்காரர் மாவை இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"கிழிப்பேன்னு சொன்னேன்," என்றார் ஜென்ஹாய். "சொன்னேன்தான். மறுநாள் காலையில அதை எடுத்து ரெண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவுல வெச்சு, எஞ்சின்ல எடுத்துட்டுப் போனேன். சிநிங் வரைக்கும் போய்த் திரும்பற வழியெல்லாம் கூட இருந்தவன்கிட்ட காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனா காட்டத் தெரியும். கேளு அவனை! என்னைப் போய்..." முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இங்கிலீஷ்ல என் பேரையே எழுத வராதுடி!"

யான்பிங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் அப்போதுதான் முதல்முறையாக ஈரம் தெரிந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்று யூலின் எதிரில் உட்கார்ந்தார். "அந்தப் பழைய பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? தொலைச்சுட்டானுங்க!"

"யாரு?"

"எட்டு வயசுல இவளை சிங்கப்பூருக்குக் கோடைக்கால முகாம்னு அனுப்பினேன். அஞ்சு நாள். கூட்டிட்டுப் போனவனுங்க பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுட்டுத் திருப்பியே தரலை. நடையா நடந்தேன். கடைசியில புதுசுதான் எடுத்தோம்."

"முகாம் நடத்தினது யாரு?"

"அதான், இப்போ பெரிய ஆளா ஆயிட்டானே. அப்போ ஒத்தை ரூம்ல இருந்தான். வெள்ளிச்சுக்கான்."

தெஜோங் தொடையில் அடித்துக்கொண்டான். "நான் பதினொண்ணரைக்கே சொன்னேன்! யாரு கேட்டா?"

"பொறு." யூலின் கையை உயர்த்தினார். "பிப்ரவரியில நீ அங்க போனப்போ உன்கிட்ட என்ன கேட்டாங்க, யான்பிங்? முதல் கேள்வி."

"போன் நம்பர். பெத்தவங்க நம்பர் வேணும்னாங்க. அப்பா நம்பர் சொன்னேன்." நிறுத்தி, மெதுவாகத் தொடர்ந்தாள். "அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாத்துட்டுச் சிரிச்சா. 'நீங்க எங்க பழைய கஸ்டமர் ஆச்சே, ஏற்கெனவே பேர் இருக்கு'ன்னா."

"உங்க நம்பர் மாறவே இல்லையா அண்ணே?"

"ஏன் மாத்தணும்? நான் யாருக்குப் பயந்து ஒளியறேன்?"

யூலினின் முகத்தில் அன்றைய முதல் சிரிப்பு வந்தது. "கையால எழுதினவன் பாத்து எழுதுவான். இதை எவனும் கையால எழுதலை, தெஜோங். கடிதம் முன்னாடியே தயாரா இருக்கு. பேரு வர்ற எடத்துல அவங்க கம்ப்யூட்டர் தானே பேரைப் போட்டிருக்கு, எட்டு வயசுப் பொண்ணோட பேரை. நம்பரையும் தேதியையும் மட்டும் பக்கத்துல சேத்திருக்காங்க. இப்போ சொல்லு. ஒரே ஒருத்திக்காக யாராவது அச்சு வார்ப்பாங்களா?"

தெஜோங்கின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அப்போ இன்னும் பேர் இருக்காங்களா?"

"எடு வண்டிய."

"நானும் வர்றேன்," என்று எழுந்தார் ஜென்ஹாய், மீதி நூடுல்ஸை அப்படியே விட்டு. லான்ஜோக்காரன் கிண்ணத்தை மீதி வைத்து எழுந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

*

மூன்றே முக்கால். கூடத்தின் வாசலில் வெள்ளிச்சுக்கானின் பதிவு மேசை. போன் நம்பரைச் சொன்னால், கழுத்தில் மாட்டுகிற அட்டை இயந்திரத்திலிருந்து வெளியே வரும். காலையில் காவலாளியின் மீசையைப் புகழ்ந்து பக்கவாட்டுக் கதவு வழியாக மூவரையும் உள்ளே கூட்டிப்போன தெஜோங்குக்கு, அதை இப்போதுதான் பார்க்க வாய்த்தது.

ஏதோ அவசரம் என்று சொல்லி ஃபோர்சித்தை அழைத்து வந்து மேசை ஓரமாக நிறுத்தினான். ஜென்ஹாய் தன் நம்பரைச் சொன்னார். மேசைப்பெண் தட்டினாள். இயந்திரம் உறுமியது. இரண்டு அட்டைகள் விழுந்தன: தகப்பனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.

யூலின் இரண்டாவதை எடுத்து ஃபோர்சித்தின் உள்ளங்கையில் வைத்தார். மேலே சீன எழுத்தில் பெயர். கீழே ஆங்கிலத்தில், எல்-வி யான்பிங்.

"இந்தப் பெண்ணின் பள்ளி, கல்லூரி, வங்கி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எல்-ஒய்-யு," என்றார் யூலின். "இன்றைக்கு இவளை எல்-வி என்று கூப்பிடுகிற இயந்திரம் இது ஒன்றுதான்."

ஃபோர்சித் அட்டையையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். தன் கோப்பைத் திறந்து, உள்ளேயிருந்து வேறு மூன்று தாள்களை எடுத்துக் கடைசி வரிகளை மட்டும் படித்தார்.

"எனது இடத்தைத் தகுதிமிக்க வேறொரு மாணவருக்கு..." மூன்றாவது தாளோடு குரல் நின்றது. "இந்த வருடம் இந்த ஊரிலிருந்து எனக்கு நான்கு மறுப்புக் கடிதங்கள் வந்தன. இந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு பெருந்தன்மையானவர்கள் என்று நினைத்தேன்."

அதற்குள் மேலாளர் பான் ஜின்தே வந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, சந்தனக்கட்டை மாதிரி வழவழப்பான குரல். மேசைமேல் இருந்ததை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"சின்ன டெக்னிக்கல் கோளாறு," என்றார். "ஏதோ குமாஸ்தா செஞ்ச தப்பு. இதுக்கு ஏன் கூட்டம் கூட்டணும்? தங்கச்சி, நானே இப்போ கனடா மேடத்துக்கு எழுதித் தர்றேன், தப்பு எங்களுதுன்னு. உன் சீட் உனக்கு. நாலு மணிக்கு மேடையில சாதனையாளர் நிகழ்ச்சி இருக்கு. நீ வந்து ரெண்டு வார்த்தை நல்லவிதமாப் பேசிட்டா, எல்லாருக்கும் சந்தோஷம்."

"எழுதிக் குடுங்க முதல்ல," என்றார் யூலின்.

பான் எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். ஃபோர்சித் அந்தத் தாளைக் கோப்பில் வைத்து, யான்பிங்கைப் பார்த்துத் தலையசைத்தார். "உங்கள் இடம் உங்களுடையது."

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது. தெஜோங் யூலினைப் பார்த்தான். யூலினோ யான்பிங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள் யான்பிங். "மேடையில பேசறேன்."

தெஜோங்குக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தப் பெண்ணும் இவ்வளவுதானா என்று நினைத்தான்.

பானே அவள் கையில் மைக்கைக் கொடுத்துக் கைதட்டினார். எதிரே இருநூறு பெற்றோர்கள், பாதிப்பேர் போனை நோண்டிக்கொண்டு. யான்பிங் கடிதத்தைப் பிரித்தாள். ஆறு வரியையும் சீனத்தில் படித்தாள்.

"இதை நான் எழுதலை," என்றாள். "என் பேரை வெச்சு வெள்ளிச்சுக்கான்ல எழுதினாங்க. அவங்க சொன்ன கல்லூரிக்கு நான் போகலைங்கறதுக்காக. இதே மாதிரி இன்னும் மூணு கடிதம் இந்த ரூம்ல இருக்கு. சீட் கிடைச்சு, காரணமே தெரியாம பறிபோனவங்க யாராவது..."

மைக் செத்தது. பான் ஓரத்தில் நின்ற தன் ஆளுக்குக் கண்ணைக் காட்டியிருந்தார். யான்பிங்கின் உதடுகள் அசைந்தன; மூன்றாவது வரிசைக்குமேல் எதுவும் எட்டவில்லை. யாரோ சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

"சீட் கிடைச்சுக் காரணம் தெரியாம பறிபோனவங்க!" என்று ஒரு குரல் கூடத்தின் கண்ணாடிகளை அதிர வைத்தது. ஜென்ஹாய் மேடையின் படியில் ஏறி நின்றிருந்தார். "கையத் தூக்குங்கன்னு சொல்றா எம்பொண்ணு! மேல சொல்லு யான்பிங்!"

அவள் ஒரு வரி சொன்னாள். எஞ்சின் டிரைவர் அதைக் கூடத்தின் கோடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த வரி. அதுவும். எழுந்தவர்கள் நின்றார்கள். போன்கள் உயர்ந்தன, இந்த முறை படம் பிடிக்க. தெஜோங் தன் வாழ்க்கையில் கேட்ட ஒலிபெருக்கிகளிலேயே சிறந்தது அதுதான் என்று முடிவு செய்தான்.

கை ஒன்றுகூடத் தூக்கப்படவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம்.

பிறகு கடைசி வரிசையிலிருந்து மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி எழுந்து, யாரையும் பார்க்காமல், நேரே ஃபோர்சித்திடம் நடந்து வந்தார்.

"எம்பையன் பேரு சொல்றேன்," என்றார். "உங்க காகிதத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க. யுனிவர்சிட்டியே அவனை வேண்டாம்னு சொல்லிடுச்சுன்னு இவங்க சொன்னாங்க. அடுத்த வருஷத்துக்கு இன்னொரு தடவை சேக்கலாம்னு இன்னிக்கு வரச் சொன்னாங்க."

பெயரைச் சொன்னார். ஃபோர்சித் தாள்களைப் புரட்டினார். இரண்டாவதில் விரல் நின்றது. நிமிர்ந்து, ஒரு தடவை தலையசைத்தார்.

அந்தத் தாய் கத்தவில்லை. மெதுவாகப் பான் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கூடத்தின் வெவ்வேறு மூலைகளில் இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. பிறகு மூன்றாவது, வேறு ஏதோ பல்கலைக்கழகத்துக்காக. பிறகு தெஜோங் எண்ணுவதை விட்டுவிட்டான்.

பானின் குரலில் சந்தனம் வற்றிப்போயிருந்தது. "உனக்குக் குடுத்தேனேம்மா உன் சீட்டை! இனிமே இந்த ஊர்ல எந்தக் கல்வி ஆபீசும் உனக்குக் கதவு திறக்காது, தெரிஞ்சுக்கோ."

"ஐஸ் பாக்கப் போறவளுக்கு உங்க கதவு எதுக்கு சார்?" என்றாள் யான்பிங். படியில் உட்கார்ந்து, அந்தப் போலிக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே புகார் எழுத ஆரம்பித்தாள்.

யூலின் கல்வித் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் போன் செய்துகொண்டிருந்தார். ஐந்து மணிக்கு மற்ற மேசைகள் பெட்டி கட்டின. பானின் ஆட்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். காவலாளி வந்து, கண்காட்சி முடிந்துவிட்டது, எல்லாரும் கலையுங்கள் என்றான்.

மஞ்சள் ஸ்வெட்டர் பெண்மணி ஒரு நாற்காலியை இழுத்து, கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"எம்பையன் தனக்குத் தகுதி இல்லைன்னு நெனச்சு மூணு வாரமா ரூமை விட்டு வெளிய வரலை," என்றார். "நானும் இங்கேருந்து வரமாட்டேன்."

மற்றவர்களும் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது.